காட்டு வான்கோழி: தண்ணீரைவிடக் குளிர் முக்கியம்

கோழி வாங்கி வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் வேலை, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவதுதான். கடைக் கோழி பெரும்பாலும் இறகு நீக்கி, குடல் எடுக்கப்பட்டே வருகிறது. அதனால் 'சுத்தம் செய்வது' என்றால் கழுவுவது என்றே பழகிவிட்டோம்.

உண்மையில் ஒரு பறவையைச் சுத்தம் செய்வது என்றால் என்ன? இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் காட்டு வான்கோழி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கடைக்காரர் இல்லை. வேட்டையாடியவரே எல்லா வேலைகளையும் செய்ய வேண்டும். அந்த வேலைகளில் கழுவுவதற்கு மிகச் சிறிய இடம்தான் உண்டு.

வெப்பத்தோடு ஒரு பந்தயம்

காட்டு வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. இன்று பண்ணைகளில் வளர்பவை, மெக்சிகோவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கப்படுத்தப்பட்ட அதே இனத்தின் வழிவந்தவை. வளர்ந்த காட்டுச் சேவல் 7 முதல் 11 கிலோ வரை எடை இருக்கும். பெட்டை ஏறக்குறைய அதில் பாதி. இளவேனிற்காலத்தில் உரிமம் பெற்றவர்கள் சேவல்களை வேட்டையாடப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற தென் மாநிலங்களில் அப்போதே நல்ல வெயில் அடிக்கும்.

உயிருள்ள வான்கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 பாகை செல்சியஸ். இறந்த பிறகும் அந்தச் சூடு எளிதில் தணிவதில்லை. அடர்ந்த இறகுகள் கம்பளிபோல் அதை உள்ளேயே பிடித்து வைக்கின்றன. குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அவை வேகமாகப் பெருகும். வசதியான சூழலில் சில வகைகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்படியானால் ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் ஐந்நூறுக்கும் மேலாகிவிடும்.

எனவே முதல் வேலை, வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு உடலைக் குளிர்விப்பது. வெயில் நாளில் வயிற்றுக்குள் பனிக்கட்டிப் பைகளை வைப்பார்கள். பனிக்கட்டியை அப்படியே கொட்டினால் உருகும் நீரில் இறைச்சி ஊறிவிடும் என்பதால்தான் பைகளில் போட்டு வைக்கிறார்கள்.

உள்ளே இருப்பவை

ஆசனவாய்க்குச் சற்று மேலே தோலை மட்டும் மெல்லக் கீறி, கையை விட்டு உறுப்புகளை மொத்தமாக வெளியே எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கிக் குடல் கிழிந்தால் உள்ளிருக்கும் கிருமிகள் இறைச்சியில் பரவும். அப்படிப் பட்ட இடத்தைக் கழுவிச் சரிசெய்ய முயல்வதைவிட வெட்டி எறிவதே நல்லது.

கல்லீரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பையும் உடையக்கூடாது. பித்தநீர் பட்ட இறைச்சி கசக்கும். விலா எலும்புகளுக்கு இடையே பதிந்திருக்கும் நுரையீரலை விரலால் சுரண்டி எடுக்க வேண்டும்.

கழுத்தின் அடியில் தீனிப்பை இருக்கிறது. பறவை விழுங்கிய விதைகளும் பூச்சிகளும் முதலில் தங்கும் இடம் அது. அதை விட்டுவிட்டால் உள்ளிருக்கும் தீனி புளித்து நாற்றமெடுக்கும். தீனியை அரைக்கும் அரைவைப்பையோ கெட்டியான தசை. அதைப் பிளந்து, உள்ளிருக்கும் கல்லையும் மஞ்சள் உறையையும் நீக்கிவிட்டால் உண்ணலாம். வாலின் மேற்புறத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியையும் வெட்டிவிடுவார்கள். இறகுகளில் பூசிக்கொள்ளப் பறவை பயன்படுத்தும் அந்த எண்ணெய் கறியின் சுவையைக் கெடுக்கும்.

இளவேனில் சேவலின் மேல் மார்பில் கடற்பஞ்சு போன்ற ஒரு கொழுப்புத் திரளும் காணப்படும். இணை தேடும் பருவத்தில் சரியாகத் தீனி எடுக்காத சேவல்களுக்கு அதுவே சேமிப்பு உணவு. சமையலுக்கு ஆகாது என்பதால் அதையும் நீக்குவார்கள்.

இறகு பிடுங்குவதா, தோலை உரிப்பதா?

இறகின் வேரைச் சுற்றியுள்ள திசு சூடுபட்டால் தளரும். அதனால் 60 முதல் 65 பாகை வரையுள்ள வெந்நீரில் பறவையைச் சிறிது நேரம் முக்கியெடுத்தால் இறகுகள் எளிதாகக் கழன்று வரும். கொதிக்கும் நீரில் போடக்கூடாது. தோல் வெந்து, இறகோடு சேர்ந்து கிழிந்துவிடும்.

தோலையே உரித்துவிடுவது இன்னும் விரைவான வழி. ஆனால் காட்டுப் பறவையின் தசையில் கொழுப்பு மிகக் குறைவு. தோல் இல்லாமல் அடுப்பில் வாட்டினால் மார்புக்கறி வறண்டு நார்நாராகிவிடும். முழுதாக வாட்டுபவர்கள் இறகு பிடுங்கித் தோலைக் காப்பாற்றுவதும், துண்டுபோட்டுச் சமைப்பவர்கள் உரிப்பதும் இதனால்தான்.

மார்பு வேறு, கால் வேறு

காட்டு வான்கோழி நாள் முழுவதும் நடந்தே தீனி தேடும். கால் தசைகளுக்கு இடைவிடாது உயிர்வளி தேவை. அதைச் சேமித்துத் தரும் மையோகுளோபின் என்ற புரதம்தான் கால்கறிக்குக் கருஞ்சிவப்பு நிறத்தைத் தருகிறது. மார்புத் தசை வேலை செய்வது ஆபத்து நேரத்தில் சட்டென்று பறக்கவும், இரவில் மரமேறவும்தான். அதில் அந்தப் புரதம் குறைவு. அதனால் நிறமும் வெளுப்பு.

இரண்டையும் ஒரே மாதிரி சமைத்தால் ஒன்று நிச்சயம் கெடும். மார்பை 74 பாகையைத் தாண்டி நெடுநேரம் விட்டால் வறண்டுவிடும். காலிலோ கொலாஜென் என்னும் இணைப்புத் திசு அதிகம். பறவைக்கு வயது ஏற ஏற அது இறுகும். தசைநாண்கள் எலும்புபோலவே கெட்டியாகியிருக்கும். குழம்பில் மெல்லிய தீயில் சில மணி நேரம் வேகவைத்தால் கொலாஜென் உருகி, கறி எலும்பை விட்டுக் கழலும். தசைநாண்களைப் பிறகு கையாலேயே உருவிவிடலாம்.

மார்பு வறளாமல் இருக்க உப்புநீர் உதவும். ஒரு லிட்டர் நீருக்கு 50 முதல் 60 கிராம் உப்பு கரைத்து, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு ஊறவைப்பார்கள். உப்பு தசைப் புரதங்களைத் தளர்த்துவதால் வேகும்போது நீர் அவ்வளவாக வெளியேறாது.

கவனிக்க வேண்டிய குண்டுகள்

வேட்டைத் துப்பாக்கியின் சிறு குண்டுகள் இறைச்சிக்குள் தங்கிவிடலாம். இறகுத் துண்டுகளையும் உள்ளே இழுத்துச் சென்றிருக்கும். குண்டு துளைத்த வழியைச் சுற்றியுள்ள சதையை வெட்டி எடுத்துவிட வேண்டும். குண்டு ஈயத்தால் ஆனதென்றால் இது இன்னும் முக்கியம். உடலில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் குண்டுகளுக்குப் பலர் மாறிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் சமையலறைக்கு

இத்தனை படிகளிலும் கிருமியை வெல்வது மூன்றே வழிகளில்: குடலைக் கிழிக்காமல் பிரிப்பது, விரைவாகக் குளிர்விப்பது, முழுதாக வேகவைப்பது. சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இறைச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பவை. குழாய் நீர் அவற்றைக் கொல்வதில்லை. தெறிக்கும் துளிகளோடு அவை தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக் கட்டு வரை போய்ச் சேரும். கோழியை நாம் வேகவைத்துவிடுவோம். கொத்தமல்லியைப் பச்சையாகத் தூவுவோம். ஆபத்து அங்கேதான்.

மஞ்சளும் எலுமிச்சையும் வாடையைக் குறைக்கலாம். ஆனால் அவற்றைத் தடவியதால் மட்டும் பச்சைக் கோழி பாதுகாப்பானதாகிவிடாது. எலும்புத் துகளோ இரத்தமோ இருந்தால் தாள் துண்டால் துடைத்தெடுங்கள். மஞ்சளையும் உப்பையும் பாத்திரத்திலேயே பிசறி நேராகச் சமையுங்கள். கழுவியே தீரவேண்டும் என்றால், ஓடும் குழாயடியில் பிடிக்காமல், பாத்திரத்து நீரில் மெல்ல அலசிவிட்டுத் தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். கைகளையும் 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள்.

பச்சை இறைச்சி அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கக்கூடாது. 32 பாகையைத் தாண்டும் நம் ஊர் மதிய வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சந்தையில் கோழி வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்மஸுக்கு உறைந்த வான்கோழி வாங்குபவர்கள் அதை மேடையில் வைத்து உருக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு, முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.