மாதவிடாய்ச் சுகாதாரமும் சங்கங்களின் கடமையும்

நூல் விலை, விதை, கடன், வட்டி ஆகியவற்றைச் சங்கக் கூட்டங்களில் தாராளமாக விவாதிக்கும் நாம், பெண் அங்கத்தினரின் மாதவிடாய் நலத்தை மட்டும் பேசத் தகாத விஷயமென ஒதுக்கிவிடுகிறோம். இம்மௌனத்தின் விலையைச் செலுத்துவோர் உழைக்கும் பெண்களே.

மாதவிடாய் பெண்கள் யாவர்க்கும் பொது. ஆனால் அதனால் விளையும் இடர்கள் எல்லோருக்கும் ஒன்றல்ல. பாகூர் வயல்களில் நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நடுபவளுக்குத் துணி மாற்ற மறைவிடம் கிடைப்பதரிது. முழக் கணக்கில் கூலி பெறும் நெசவுப் பெண் தறிக்குழியைவிட்டு எழுந்தால் அன்றைய வரும்படி குறையும். பார்வையற்ற சிறுமிக்கோ பிறர் துணை வேண்டும். சாதி, வறுமை, உடற்குறை, தொழில் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிச் சுமையைப் பெருக்குகின்றன.

மகாராஷ்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் பலர் வேலைநாள் கெடாதிருக்கக் கருப்பையையே அகற்றிக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டைத் திடுக்கிடச் செய்தது. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில், மாதவிடாய் வலியைப் பொறுத்து வேலை செய்யப் பெண்களுக்குப் பெயர்ச்சீட்டில்லாத மாத்திரைகள் அளிக்கப்பட்டமையும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. கரும்பும் துணியும் நமக்கு அயலானவை அல்லவே!

பிற நாடுகள் வெவ்வேறு தடைகளை நீக்க முற்பட்டுள்ளன. விலக்கான பெண்ணைத் தனிக் குடிலுக்கு அனுப்பும் வழக்கத்தை எதிர்த்து நேபாளம் 2017-இல் தண்டனைச் சட்டம் இயற்றியது. விலையைக் குறைக்கக் கெனியா 2004-இல் நாப்கின் மீதான வரியை நீக்கிற்று. இந்தியா 2018-இல் நீக்கியது. ஸ்காட்லாந்தில் 2022 முதல் வேண்டுவோர் இவற்றை இலவசமாகப் பெறலாம்.

நம்மவரும் பின்தங்கவில்லை. கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த கோவை அருணாசலம் முருகானந்தம், மகளிர் குழுக்களே நாப்கின் செய்து விற்கத்தக்க மலிவான இயந்திரத்தை ஆக்கி, 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ‘ஈக்கோ ஃபெம்’ நிறுவனம், துவைத்துப் பயன்படுத்தும் பருத்தித் துணிப் பட்டைகளைக் கிராமப் பெண்களைக்கொண்டு தைக்கிறது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சங்கங்கள் செய்யத்தக்கவை அரியனவல்ல. தறிக்கூடங்களில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை அமைக்கலாம். வயல்வெளியில் மறைப்புக் கட்டலாம். இடைவேளைக்குக் கூலி பிடிக்காதிருக்கலாம். துணி பயன்படுத்துவோர் அதனைச் சோப்பிட்டு அலசி, மூலையில் ஒளிக்காது நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். மிகுதியான உதிரப்போக்கு உள்ளோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தசோகைக்குப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் சேர்ப்போமாக. அன்று பெண் அங்கத்தினரே முதலிற் பேசுக. ஏனையோர் கேட்டு, ஆவன செய்க.