மொறிஸ் மைனர் காரின் ஹோர்ண்: பழுதறிதலும் திருத்தமும்

நூலில் எழுதப்பட்டதே அறிவு, தொழிலாளியின் கையில் இருப்பது வெறும் பழக்கம் என்னும் எண்ணம் நமது கல்வியுலகினின்றும் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதை ஒரு சிறு பொருளைக் கொண்டே விளக்கலாம். பழைய மொறிஸ் மைனர் காரின் ஒலிக்காத ஹோர்ணையும் அதனைத் திருத்தும் முறையையும் இங்கு நோக்குவோம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்டது. இலங்கையின் வீதிகளிலும் அது நெடுங்காலம் ஓடியது. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொருளாதாரத் தடை நிலவியபோது, சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகளுள் இத்தகைய பழைய பிரித்தானியக் கார்கள் முக்கியமானவை. உதிரிப்பாகங்கள் அரிதான அக்காலத்தில், பழுதுற்றதை எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுதல் இயலாத காரியம். பழுதின் காரணத்தை அறிந்தே ஆகவேண்டியிருந்தது.

ஹோர்ணின் உள்ளே ஒரு மின்காந்தமும், மெல்லிய உருக்கினாலான மென்றகடும், ஒரு சோடித் தொடுமுனைகளும் உள்ளன. மின் பாய்ந்ததும் மின்காந்தம் மென்றகட்டை இழுக்கிறது. அவ்வசைவே தொடுமுனைகளை விலக்கி மின்னைத் துண்டிக்கிறது. மென்றகடு மீள்கிறது, தொடுமுனைகள் மீண்டும் சேர்கின்றன. ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவை நிகழும் இவ்வதிர்வே ஒலியாகின்றது.

இனி மின்சுற்றை நோக்குவோம். 12 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து வரும் மின், 35 அம்பியர் உருகியினூடாக ஹோர்ணின் ஒரு முனையை எப்போதும் வந்தடைகிறது. மறுமுனையிலிருந்து செல்லும் கம்பி சுக்கான் சக்கரத்தின் நடுவிலுள்ள பொத்தானை அடைகிறது. பொத்தானை அழுத்தும்போது அக்கம்பி வண்டியின் உடலோடு தொடுக்கப்பட்டுச் சுற்று நிறைவுறுகின்றது. ஆகவே பொத்தான் மின்னை அனுப்புவதில்லை. அது திரும்பும் வழியையே திறந்துவிடுகிறது. இவ்வண்டியில் பற்றறியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டுள்ளது. எனினும் மின்காந்தம் எத்திசையில் மின் பாய்ந்தாலும் இழுக்குமாதலின், ஹோர்ணைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முக்கியமன்று.

இதனை விளங்கிக்கொண்டால் பழுதறிதல் எளிதாகும். வேண்டுவன ஒரு துண்டுக் கம்பியும் ஒரு சிறு சோதனை விளக்குமே. முதலில் ஹோர்ணின் மறுமுனையைக் கம்பியினால் வண்டியின் துப்புரவான உலோகப் பகுதியோடு தொடுக்கவேண்டும். ஹோர்ண் ஒலித்தால் அதுவும் உருகியும் நல்ல நிலையிலுள்ளன. பழுது பொத்தானிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ உள்ளது. ஒலிக்காவிடின், மின் வரும் முனைக்கும் உடலுக்குமிடையே விளக்கைத் தொடுத்துப் பார்க்கவேண்டும். விளக்கு எரியாவிடின் உருகியையும் இணைப்புகளையும் சோதிக்கவேண்டும். எரிந்தால் ஹோர்ணிலேயே பழுது எனப் பொதுவாகக் கொள்ளலாம்.

ஆயினும் விளக்கு எரிவது முழுமையான சான்றாகாது. சிறு விளக்குக்குச் சொற்ப மின்னே போதும்; ஹோர்ணோ பன்மடங்கு மின்னை வேண்டுவது. துருப்பிடித்த ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருப்பின், 4 அம்பியர் பாயும்போது 2 வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். விளக்கு ஒளிரும், ஹோர்ண் முனகும். எனவே முனைகளைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கிய பின்னரே ஹோர்ணைக் குறைகூறல் வேண்டும். ஹோர்ணைத் தாங்கும் திருகாணிகள் தளர்ந்திருப்பினும் ஒலி கெடும்.

ஒருமுறை 'டிக்' என ஒலித்து அடங்கினால், மின்காந்தம் இழுக்கிறது. ஆனால் தொடுமுனைகள் விலகவில்லை, அல்லது மென்றகடு துருவினால் இறுகியுள்ளது எனக் கொள்ளலாம். மூடியைக் கழற்றத்தக்க ஹோர்ண்களில் கருகிய தொடுமுனைகளை மெல்லிய அரத்தாளினால் தேய்க்கலாம். பின்னர், சீராக்கும் திருகாணியை ஹோர்ண் ஒலிப்பது நிற்கும்வரை இடஞ்சுழியாகத் திருப்பி, பொத்தானை விட்டு, வலஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புதல் வேண்டும். இது தேய்மானத்தை ஈடுசெய்யுமேயன்றிச் சுருதியை மாற்றாது. இரு ஹோர்ண்கள் இருப்பின் ஒன்றைக் கழற்றிவிட்டே மற்றையதைச் சீராக்கவேண்டும்.

பொத்தானை அழுத்தாமலே ஹோர்ண் இடைவிடாது ஒலித்தால், பொத்தானுக்குச் செல்லும் கம்பியின் உறை எங்கோ தேய்ந்து உடலைத் தொடுகிறது என்பது மேற்கூறிய சுற்றிலிருந்தே பெறப்படும். உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால், மின்னைக் கொண்டுவரும் கம்பியையே ஐயுறவேண்டும். எரிந்த உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியை இடுதல் திருத்தமன்று. அது தீயை அழைப்பதாகும்.

இம்முறையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஐயங்களைப் பகுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கி, எஞ்சியதைக் காரணமெனக் கொள்ளும் இந்நெறியே நமது ஆய்வுகூடங்களிலும் பயில்வது. கராச்சிலே 'பியூஸ்' என்கின்றனர். பாடநூலிலே 'உருகி' என்கிறோம். பொருள் ஒன்றே, இரு சாராரும் தம்முள் பேசிக்கொள்வதுதான் அரிதாயுள்ளது. தடைக்காலத்தில் வண்டிகளை ஓடவைத்தவர்கள் இன்று முதுமையெய்தி வருகின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு, அவர்களது சொற்களிலேயே அவ்வறிவைப் பதிவு செய்தல் நமது கடனாகும். அதனை நாம் செய்யத் தவறின், அவர்களோடு அவ்வறிவும் மறைந்துவிடும்.