சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி வந்ததும் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று, முகத்தில் அறைந்துவிட்டுப் போகும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தல் வட்டாரத்தில் ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் நிற்கின்றன.

மார்கழியில் அதே வழியாகப் போனால், பல காற்றாலைகள் அசையாமல் நிற்கும். அப்போது பஸ்ஸில் இருக்கும் ஏதாவது ஒரு குழந்தை கேட்கும்: "காத்து வீசாட்டி என்னப்பா? அது தந்த கரண்ட்டை வச்சே ஒரு பெரிய ஃபேன் போட்டு அதைச் சுத்த வைக்கலாம்லா?"

சிரித்துவிட வேண்டாம். இதே கேள்வி பெரியவர்களிடமும் வேறு வேஷத்தில் வருகிறது. பேட்டரியில் ஓடும் மோட்டார். அதோடு பெல்ட் போட்டு ஒரு டைனமோ. டைனமோவின் வயர் மறுபடியும் அதே பேட்டரிக்கு. 'ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும், ஆயுசுக்கும் ஓடும்' என்று மொபைலில் சுற்றும் வீடியோக்கள் எத்தனையோ! பார்த்து ரசிப்பதோடு நின்றால் பரவாயில்லை. கையில் இருக்கும் சேமிப்பை எடுத்து, 'கரண்ட் பில்லே வராத' மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

டைனமோ சைக்கிள் சொன்ன பாடம்

இதற்கான பதில் நம் வீட்டிலேயே இருந்தது. டைனமோ வைத்த பழைய சைக்கிளை நினைத்துப் பாருங்கள். இருட்டியதும் டைனமோவை டயரில் சாய்த்துவிட்டால் விளக்கு எரியும். கூடவே மிதிப்பதும் கனத்துவிடும். வெறும் 3 வாட் பல்புக்கே கால் அதை உணர்ந்தது.

டயரில் உரசுவதால் மட்டும் வந்த கனம் அல்ல அது. டைனமோவிலிருந்து மின்சாரத்தை எடுக்க ஆரம்பித்ததும், அந்த மின்சாரமே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, சுற்றுகிற சுற்றைத் தடுக்கப் பார்க்கும். 1834-ல் லென்ஸ் என்ற விஞ்ஞானி சொன்ன விதி இது. எவ்வளவு கரண்ட் எடுக்கிறோமோ அவ்வளவு தடுப்பு. அந்தத் தடுப்பை மீறிச் சுற்றுவதற்கு யாராவது உழைத்தாக வேண்டும். சைக்கிளில் உழைத்தது உங்கள் கால். பேட்டரி வண்டியில் உழைக்க வேண்டியது அதே பேட்டரிதான்.

கை மாறினால் கமிஷன்

சரி, உழைக்கட்டும். கொடுத்ததை அப்படியே திருப்பி வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரி 100 பங்கு கொடுக்கிறது. நல்ல மோட்டார் அதில் 85 பங்கைச் சுழற்சியாக மாற்றும். மீதி 15 வெப்பமாகவும் சத்தமாகவும் போய்விடும். ஓடி நிற்கும் மோட்டாரைத் தொட்டால் சுடுகிறதே, அதுதான் இது. டைனமோ 80 சதவிகிதம் திறனுடையது என்று வைத்துக்கொண்டால், 85 பங்கு 68 ஆகிவிடும். பேட்டரிக்குள் மறுபடி ஏறும்போது இன்னும் 10 சதவிகிதம் போகும். கடைசியில் உள்ளே சேருவது சுமார் 61 பங்கு.

இது முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் 37. மூன்றாவதில் 23. இத்தனைக்கும் வண்டி இன்னும் ஓர் அடிகூட நகரவில்லை! டைனமோ மாட்டிய வண்டி கூடுதல் தூரம் ஓடாது, குறைவாகத்தான் ஓடும்.

'இழப்பே இல்லாத மோட்டார் கண்டுபிடித்தால்?' அப்போதும் 100 கொடுத்து 100 வாங்கலாம், அவ்வளவுதான். வண்டியை நகர்த்த மிச்சம் ஒரு பங்கும் இருக்காது.

இறக்கத்தில் சார்ஜ் ஏறுகிறதே?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் உடனே மடக்குவார்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது, இறக்கத்தில் சார்ஜ் ஏறுவதாக டிஸ்ப்ளேயில் காட்டுகிறதே?

உண்மைதான். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் மோட்டாரே டைனமோவாக மாறிவிடும். ஆனால், அது புதிய வருமானம் அல்ல. ஆள், வண்டி சேர்த்து 200 கிலோவை 10 மீட்டர் உயரம் ஏற்றினால் சுமார் 5.5 வாட்-மணி செலவாகும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 6.5 போகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதிதான் திரும்பி வரும். சாதாரண வண்டியில் பிரேக் சூடாகி வீணாகப் போவதில் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கிறோம். ஏறியதால்தான் இறக்கம்.

காரில் ஆல்டர்னேட்டர் பேட்டரியை சார்ஜ் செய்வதும் இதே கதை. அங்கே பெட்ரோல் எரிகிறது. ஸ்கூட்டர் முன்னால் சின்னக் காற்றாடி மாட்டினால்? ஆரல்வாய்மொழிக் காற்று வானம் கொடுத்தது. ஓடும் ஸ்கூட்டரில் முகத்தில் அடிக்கும் காற்றோ பேட்டரியின் செலவில் வந்தது. காற்றாடி மாட்டினால் வண்டியை இழுக்கும் பாரம்தான் கூடும்.

தெரிந்தே செய்யும் நஷ்டம்

கோதையாறு நீர்மின் நிலையங்களில் டர்பைனைச் சுற்றிவிட்ட தண்ணீர் கீழே இறங்கி, பேச்சிப்பாறை அணை வழியாக வயல்களுக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றினால்?

கோவை மாவட்டம் காடம்பாறையில் அதைத்தான் செய்கிறார்கள். 400 மெகாவாட் திறன் கொண்ட நிலையம் அது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும் நேரத்தில் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் 100 யூனிட் செலவழித்தால், திரும்பக் கிடைப்பது பொதுவாக 70 முதல் 80 யூனிட்தான். தெரிந்தே செய்கிறார்கள். மிஞ்சியதைப் பத்திரப்படுத்தி, தேவைப்படும்போது எடுக்கத்தான் அது. பேட்டரியின் வேலையும் அதுவே. அது குதிர், வயல் அல்ல. குதிரில் போட்ட நெல்லைத்தான் எடுக்கலாம், குதிரில் நெல் விளையாது.

900 வருட ஆசை

தானே சுற்றும் சக்கரத்தின் மீதான ஆசை பழையது. 12-ம் நூற்றாண்டிலேயே கணித மேதை இரண்டாம் பாஸ்கரர், ஆரங்களில் பாதரசம் நிரப்பிய சக்கரம் ஒன்றை விவரித்திருக்கிறார். ஐரோப்பாவிலும் எத்தனையோ பேர் முயன்றார்கள். 1775-ல் பாரிஸ் அறிவியல் கழகம், 'இனி இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை' என்று கதவைச் சாத்தியது. இந்தியாவின் 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டமும், நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை.

ஏமாறாமல் இருக்க

'கண்ணால் பார்த்தேனே, பல்பு எரிந்ததே' என்பார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியில் 1.8 யூனிட் மின்சாரம் இருக்கும். 10 வாட் எல்.இ.டி. பல்பை அது நாள் கணக்கில் எரிய வைக்கும். ஒரு மணி நேர டெமோ எதையும் நிரூபிக்காது.

வோல்ட் மீட்டர் காட்டும் எண்ணையும் நம்பிவிட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வோல்ட் உயர்ந்துதான் தெரியும். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

விற்பவரிடம் ஒரே கேள்வி போதும்: "வெளியிலிருந்து இதற்கு என்ன வருகிறது?" வெயில், காற்று, தண்ணீர், பெட்ரோல், வீட்டுக் கரண்ட் என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். 'எதுவும் வேண்டாம்' என்றால், பர்ஸைத் திறக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

கரண்ட் பில்லைக் குறைக்க நேர்வழி இல்லாமல் இல்லை. மொட்டை மாடியில் சோலார் பேனல் வைக்க, 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அங்கே வெளியிலிருந்து சூரியன் கொடுக்கிறது.

முப்பந்தல் காற்றாலைகள் மார்கழியில் சும்மா நிற்பதும் அதனால்தான். அத்தனை காற்றாலைகள் சேர்ந்தும் தங்களில் ஒன்றைக்கூடத் தாங்களாகச் சுற்றிக்கொள்ள முடியாது. வைகாசி பிறந்து கணவாயில் காற்று வந்தால், தானாகச் சுற்றும்.