குளிசையுள் மறைந்த அளவு

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கென்பர் நம் இலக்கண நூலார். ஒரு பொருள் மற்றொன்றினுட் கலந்து மறைந்திருப்பின் அதனை அளப்பது எங்ஙனம்? விற்றமின் சீ குளிசைப் போத்தலில் 500 மில்லிகிராம் என எழுதப்பட்டிருக்கிறது. குளிசையை நிறுத்தாற் குளிசையின் நிறையே புலனாகும். அதில் மாவும் பிணைப்புப் பொருள்களும் அடங்கும். உள்ளிருக்கும் விற்றமின் எவ்வளவென்பதைத் தராசு கூறாது. இவ்வினாவுக்கு இரசாயனவியலார் கண்ட விடைகளுள் ஒன்றே நியமிப்பு. அதனை மொழியாசிரியராகிய நாம் இயன்றவரை எளிய தமிழில் விளக்க முனைகின்றோம்.

நம் துறைமுகத்தார்க்கு இப்பொருள் அயலன்று. 1783ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பிரெஞ்சுக் கடற்றளபதி சவ்ரன் திருக்கோணமலையிலிருந்து புறப்பட்டுக் கூடலூர்க் கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூசை எதிர்த்தார். ஹியூசின் கப்பல்களில் ஸ்கேவி நோயும் நீர்த்தட்டுப்பாடும் மிகுந்திருந்தன. அவர் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. முரசு வீங்கிக் குருதி கசியும் அந்நோய் விற்றமின் சீ குறைவினால் வருவது.

1747இற் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர். 1795 முதற் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாறு வழங்கிற்று. அடுத்த நூற்றாண்டில் அதற்குப் பதிலாக மேற்கிந்தியத் தேசிக்காய்ச் சாறு வந்தது. புளிப்பே மருந்தென அந்நாளிற் பலர் கருதினர். ஆனால், தேசிக்காய் புளிப்பிற் குறைந்ததன்று; விற்றமினிலேயே குறைந்தது. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நேர்சின் குழுவினர் கப்பலில் அச்சாற்றை உண்டிருந்தும், அவர்களிடையே நோய் கடுமையாகத் தோன்றிற்று. சறுக்கு வண்டிப் பயணத்திற் சாறு கொண்டுசெல்லாமையும் காரணமெனப்பட்டது. எவ்வாறாயினும், புளிப்பை அளப்பது வேறு, விற்றமினை அளப்பது வேறு என்பது தெளிவு.

ஆதலாற் குளிசையைச் சோடியமைதரொட்சைட்டால் நியமித்தல் போதாது. சுவைக்காகச் சேர்த்த சித்திரிக்கமிலமும் கணக்கில் ஏறிவிடும். அயடீனோ விற்றமின் சீயாகிய அசுக்கோபிக்கமிலத்தை ஒன்றுக்கொன்றாக ஒட்சியேற்றும், சித்திரிக்கமிலத்தைத் தொடாது.

செய்ம்முறை வருமாறு: 20 குளிசைகளை எண்ணி நிறுத்துத் தூளாக்குக. ஒரு குளிசையின் சராசரி நிறைக்கு ஒத்த தூளை, கொதித்தாறிய நீரிற் சிறிது ஐதான சல்பூரிக்கமிலம் சேர்த்துக் கரைத்து, 250 மில்லிலீற்றர் ஆக்குக. கரையாத மா கலங்கலாக நிற்பினுங் குற்றமில்லை. குழாயியால் 25 மில்லிலீற்றரைக் குடுவையில் இட்டு, மாப்பொருட் கரைசல் சில துளி சேர்த்து, அளவியிலிருந்து 0.01 மூலர் அயடீன் கரைசலைத் துளித்துளியாக விடுக. விற்றமின் எஞ்சியுள்ளவரை அயடீன் நிறமற்றுப்போகும். அது முற்றும் தீர்ந்தபின் வரும் முதற்றுளி மாப்பொருளோடு கூடி நீலமாகும். அந்நீலம் மறையாது நிற்பதே முடிவுப் புள்ளி.

இவ்வயடீன் கரைசலின் 1 மில்லிலீற்றர் 1.76 மில்லிகிராம் அசுக்கோபிக்கமிலத்துக்குச் சமன். 500 மில்லிகிராம் முழுமையாக இருப்பின் 28.4 மில்லிலீற்றர் செலவாகும். 27.0 மட்டுமே செலவாயின், ஒரு குளிசையில் இருப்பது ஏறக்குறைய 475 மில்லிகிராம். அமெரிக்க மருந்து நூல் நூற்றுக்கு 90 முதல் 110 வரை இடந்தருவதால், அக்குளிசை குறையுடையதன்று.

கரைத்த நீரைக் காக்க வையாது உடன் நியமித்தல் வேண்டும்; காற்றும் செப்பின் சுவடும் விற்றமினை அழிக்கும். அயடீன் கரைசலின் செறிவும் நாட்செல்ல மாறுமாதலின், தூய அசுக்கோபிக்கமிலத்தால் அதனை முன்னர்ச் சரிபார்த்தல் முறை.

வெப்பமும் ஈரமும் விற்றமினுக்குப் பகை. நம் ஊரிலோ இரண்டுக்கும் குறைவில்லை. புதிய போத்தலொன்றையும், கடற்காற்றிலே நெடுநாள் திறந்து மூடிய போத்தலொன்றையும் நம் மாணவர் அருகருகே வைத்து நியமித்துப் பார்ப்பாராக. குளிசைக்குப் பணங்கொடுப்பவர் பலர் நாட்கூலி பெறுவோர். அவர் கையில் இருப்பது மருந்தா, வெறும் மாவா என்பதை அளந்து சொல்லவல்ல இளைஞரை ஆக்குதல் கல்லூரியின் கடன். நெல்லியும் கொய்யாவும் முற்றத்திற் காய்க்குமாயின் அதனினும் நன்று.