ஓரம் சீவாத பலகையும் அதைத் தாங்கும் கால்களும்

பழனி மலைத்தொடரில் பெருமாள்மலையை அடுத்த பேத்துப்பாறைப் பக்கத்திலே, காப்பிச் செடிகளுக்கு நிழல் தரவென்று வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களில் முதிர்ந்த ஒன்றை நீளவாக்கில் அறுத்து, இரு ஓரங்களையும் நேர் செய்யாமல், பட்டையை மட்டும் உரித்து மேஜைப் பலகையாக்கினால், அம்மரம் வளைந்தும் விரிந்தும் வளர்ந்த விதமெல்லாம் அதன் ஓரத்திலே அப்படியே நிற்கும். இத்தகைய பலகைக்குக் கால் அமைப்பது, பலகையை இழைப்பதைக் காட்டிலும் யோசனை வேண்டும் காரியம்.

வெட்டுண்ட பின்னும் மரம் ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் விரிந்து, பங்குனி வெயிலில் சுருங்கும் அதன் சுபாவத்தை எந்தத் திருகாணியாலும் தடுக்க முடியாது. நீளத்தில் மாறுதல் மிக அற்பம். அகலத்திலோ, மூன்றடிப் பலகை கால் அங்குலத்துக்கு மேலும் அசையக்கூடும். ஆகவே கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் நடுவிலுள்ள துளையை மட்டும் திருகாணிக்குச் சரியான அளவாக வைத்து, அதற்கு இருபுறமும் உள்ள துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமாகக் குடைந்து, வட்டத் தகடு வைத்து முடுக்குவார்கள். பலகை நடுவிலே நிலைபெற்று இருபுறமும் தாராளமாக நகரும். எல்லாத் துளைகளையும் இறுக்கிவிட்டால் வைரத்தினூடே வெடிப்பு ஓடிவிடும்.

அடுத்தது சமநிலை. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும் பலகையின் பாரம் நீளத்தின் மத்தியில் இராது. உருண்டைக் கம்பியின்மேல் பலகையைக் குறுக்கே வைத்து, இருபுறமும் தாழாமல் நிற்கும் இடத்தைக் கோடிட்டுக்கொண்டு, இரு கால்களையும் அக்கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும், முனைகளிலிருந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீளம் உள்ளே தள்ளி நிறுத்தினால் நடுப்பகுதி தொய்வதும் குறையும், உட்காருபவரின் முழங்காலுக்கும் இடம் கிடைக்கும்.

இக்கலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த ஜார்ஜ் நகஷிமா (1905–1990), 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்த ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி எழும்பியபோது அங்கே பணிபுரிந்து, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவர் செய்த மேஜைகளில், வெடிப்பை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டு பதித்து அது மேலும் ஓடாமல் பிணைத்திருப்பதைக் காணலாம். வேர்க்கட்டையையே காலாக வைப்போரும் உண்டு. நெளிந்த ஓரத்தின் கீழே நெளிந்த காலும் சேர்ந்தால் கண் எதிலும் நிலைகொள்வதில்லை என்பதால், அடக்கமாக இழைத்த நேர்க்காலையே நான் விரும்புவேன்.