தொழில் பழகுநர் பயிற்சி: பதிவு செய்த ஒப்பந்தம் தரும் பாதுகாப்பு என்ன?

வேலை கேட்டுச் செல்லும் இளைஞரிடம் நிறுவனங்கள் எதிர்பார்ப்பது முன் அனுபவம். ஆனால், வேலை கிடைத்தால்தான் அனுபவம் கிடைக்கும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக இந்தியாவில் நடைமுறையில் இருப்பது 1961-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழில் பழகுநர் சட்டம்.

யாருக்குப் பொருந்தும்?

ஒப்பந்தப் பணியாளர்கள் உள்பட 30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள், மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழில் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். அதாவது, 200 பேர் பணிபுரியும் ஆலையில் குறைந்தது 5 பேருக்கும், அதிகபட்சம் 30 பேருக்கும் இடம் உண்டு. 4 முதல் 29 பேர் வரை பணிபுரியும் நிறுவனங்கள் விருப்பத்தின் பேரில் சேர்க்கலாம். பயிற்சிக் காலம் 6 மாதங்கள் முதல் 3 ஆண்டுகள் வரை. பழகுநருக்குக் குறைந்தது 14 வயதும், அபாயகரமான தொழில்களில் 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

உதவித்தொகை எவ்வளவு?

2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகள், கல்வித் தகுதிக்கேற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. இதை 36 சதவீதம் உயர்த்தி, ரூ.6,800 முதல் ரூ.12,300 வரை வழங்க மத்திய தொழில் பழகுநர் கவுன்சில் 2025-ஆம் ஆண்டு மே மாதம் பரிந்துரைத்தது.

2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500-க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. முன்பு நிறுவனத்துக்குத் திருப்பி அளிக்கப்பட்ட இத்தொகை, 2023-ஆம் ஆண்டு முதல் பழகுநரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது.

பதிவு ஏன் முக்கியம்?

சட்டத்தின் பார்வையில் பழகுநர் ஒரு பயிற்சியாளரே தவிர தொழிலாளர் அல்லர். பொதுவான தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. எனவே, நிறுவனத்துடன் அவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாவது அவசியமாகிறது.

அவ்வாறு பதிவு செய்தவருக்குப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் தொடர்பான விதிகள் பொருந்தும். பயிற்சியின்போது விபத்தில் காயமடைந்தால் இழப்பீடு பெறலாம். தொழில் பழகுநர் ஆலோசகரின் ஒப்புதலின்றி அவரைக் கூடுதல் நேரம் வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்த முடியாது. ஒப்பந்தம் தொடர்பான பிரச்னைகளையும் அந்த ஆலோசகரிடமே முறையிடலாம்.

பதிவின்றி 'பயிற்சி' என்ற பெயரில் வேலை வாங்கப்படுவோருக்கு இந்தப் பாதுகாப்புகளைக் கோருவதும், தாங்கள் கற்ற தொழிலை நிரூபிப்பதும் கடினம்.

பயிற்சிக்குப் பிறகு?

பயிற்சியை முடித்து, தேர்வில் வெற்றி பெறுவோருக்கு நாடு முழுவதும் செல்லத்தக்க தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஆனால், பயிற்சி அளித்த நிறுவனமே வேலையும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழகுநர்களைப் பணியமர்த்துவதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வகுக்க வேண்டும் என்று மட்டுமே 2014-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் கூறுகிறது. ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு, அத்துறையின் முதல் நிலைப் பணியிடங்களுக்கான நேரடி நியமனத்தில் 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது.

ஆகவே, பயிற்சியில் சேரும் முன் மூன்று விவரங்களை உறுதி செய்துகொள்வது நல்லது: ஒப்பந்தம் பதிவாகியுள்ளதா, உதவித்தொகை எவ்வளவு, முடிவில் கிடைக்கும் சான்றிதழ் எது?