மேட்டு நிலத்தின் தண்ணீர்க் கணக்கு

தர்மபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலமே அதிகம். ஒகேனக்கல்லில் காவிரி பெருக்கெடுத்து ஓடினாலும், ஆறு பள்ளத்திலும் வயல்கள் மேட்டிலும் இருப்பதால் அந்த நீர் பாசனத்துக்கு ஏறுவதில்லை. உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக வந்தது, வயலுக்கானதல்ல. வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி அணைகள் சிறியவை. மீதி போர்வெல்தான்.

இருக்கும் நீரைச் சிக்கனமாக்கும் முயற்சி இங்கே முன்பே நடந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05 முதல் மூன்று ஆண்டுகள், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டேரில் துல்லியப் பண்ணையத்தை நடத்தியது. சொட்டுநீர்க் குழாய் வழியாகவே கரையும் உரமும் போனது. மானியம் முதல் ஆண்டு 100 சதவீதம், பிறகு 90, பிறகு 80. விவசாயிகள் சங்கம் அமைத்துக் காய்கறியைச் சேர்ந்து விற்றார்கள். விளைச்சல் கூடியது.

ஆனால் சொட்டுநீர் ஏக்கருக்கு ஆகும் நீரைக் குறைக்குமே தவிர, கிணற்றில் நீர் மிஞ்சும் என்று சொல்ல முடியாது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். மிச்சமாகும் நீரில் இன்னும் அரை ஏக்கர் காய்கறி போடத்தான் யாருக்கும் தோன்றும். அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அப்படிப் போட்ட தக்காளியும், வரத்து கூடினால் பாலக்கோடு சந்தையில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போகிறது.

மழையை மட்டும் நம்பி விளையும் கேழ்வரகு, சாமை, கொள்ளு ஆகியவை இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. ஆனால் இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, கதிர் அறுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அறுத்தாலும் நிலையான விலை இல்லை. விலைதான் முதல் தடை. ஆள் கூலியும் அதிலிருந்துதானே வர வேண்டும்? 2023-இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் வந்தபோது, அரசே அதைக் கொள்முதல் செய்தது. அப்போது குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2025-26 பருவத்துக்கான ஆதரவு விலை 4,886 ரூபாய். நிலைத்த வேளாண்மைக்காகச் செய்தவற்றில் இந்தக் கொள்முதலே சரியான முடிச்சில் கைவைத்தது.

இதே மாவட்டத்தின் சித்தேரி மலையில் விளையும் சாமைக்கு அந்த வழி திறக்கவில்லை. உமியை நீக்கும் இயந்திரம் அருகில் இல்லாதவர்கள், வியாபாரி சொல்லும் விலைக்கே தருகிறார்கள். மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன, சாமை இல்லை.